பதினேழின் கை

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ஏழுமணியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ இருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பதினாறு வருடமாகக் காலை ஏழு மணிக்கு, ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல், மூன்றாம் மாடியின் இரட்டைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறவள். அவளைப் பார்த்துத்தான் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வதாக வாசல் காவலாளி பெருமையடித்துக்கொள்வார். அது பொய். அந்த மனுஷருக்குக் கைக்கடிகாரமே கிடையாது.

வேலை குட்டிக்குரங்குகளைப் பார்த்துக்கொள்வது. குரங்கு என்றதும் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் ஆசாமியை நினைத்துவிட வேண்டாம். இவை மார்மோசெட் என்ற வகை. அணிலைவிடக் கொஞ்சம் பெரிசு, எடை முந்நூற்றைம்பது கிராம், காதோரம் வெள்ளை மயிர்க்கொத்து, எந்நேரமும் யாரையோ குறைசொல்லப் போவது போன்ற முகம். முப்பத்துநான்கு இருந்தன. முகமூடி கட்டி, ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு, கூண்டுகளைக் கழுவ வேண்டும், எடைபோட வேண்டும், பழம் நறுக்கி வைக்க வேண்டும், யார் தின்றது யார் தின்னவில்லை என்று நோட்டில் குறிக்க வேண்டும். பேர் மட்டும் வைக்கக் கூடாது. வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எல்லாம் எண்கள்தான்.

அந்த விதி அக்காவுக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. இங்கே வருவதற்கு முன்னால் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றில் ஒன்பது வருடம் இருந்தாள். அன்று பொரித்த குஞ்சைப் புரட்டிப் பார்த்து, ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்து, இரண்டு கூடைகளில் பிரித்துப் போட வேண்டும். மணிக்கு எண்ணூறு குஞ்சு. பெண் குஞ்சு பண்ணைக்குப் போகும். ஆண் குஞ்சுக் கூடை எங்கே போகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒன்றுபோலவே இருக்கிற இரண்டில் எது எது என்று சொல்கிற கண்ணை அந்த வேலைதான் அவளுக்குக் கொடுத்தது. சொல்லிவிட்டு அதற்குமேல் ஒன்றும் நினைக்காமல் இருக்கிற பழக்கத்தையும் அதுவே கொடுத்தது.

அம்மா போய் ஐந்து மாதமாகியிருந்தது. நாலு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தாள், கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரி. துக்கத்துக்கு வந்திருந்த சித்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடுடி, உள்ளேயே வச்சுக்காதே," என்றாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே. நான்காம் நாள் காலை வழக்கமான நேரத்துக்கே அவள் வாசலில் வந்து நின்றபோது காவலாளிகூட எழுந்து நின்றுவிட்டார். கல்நெஞ்சக்காரி என்று சாப்பாட்டு அறையில் ஒரு பேச்சு அடிபட்டது. துக்கம் என்றால்கூட அதற்கு ஒரு மரியாதை உண்டு. அவளுக்கு இருந்தது அதுகூட இல்லை. சோறு சோறாக இருந்தது, தண்ணீர் தண்ணீராக இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஊரிலிருக்கும் தம்பி ஃபோன் பண்ணுவான்.

"சாப்பிட்டியாக்கா?"

"சாப்பிட்டேன்."

"இங்க வந்து எங்களோடயே இருந்துடேன்."

"பாக்கலாம்."

வாரா வாரம் இதே நாலு வரி. ஐந்தாவது வரிக்கு இரண்டு பேரிடமும் சரக்கு கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் பெட்டி வந்தது. கையை அசைக்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதுதான் அந்த மாடியின் ஆராய்ச்சி. அதற்குத் தலைவி ஒரு பெண். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், மாடி முழுக்க அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். முன்பெல்லாம் குரங்கைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு அறையில் நாற்காலியில் பிணைத்து உட்காரவைத்து, எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பழக்குவார். அது பயந்து நடுங்கும். நடுங்குகிற கையை அளந்து என்ன பிரயோஜனம்? அதனால் கூண்டிலேயே மாட்டிவிடக்கூடிய, தானாக வேலை செய்யும் பெட்டி ஒன்றைச் செய்யச் சொன்னார் டாக்டரம்மா. செய்து கொண்டுவந்த இன்ஜினியருக்கு அன்றிலிருந்து பெட்டிக்காரர் என்று பெயராகிவிட்டது.

பெட்டி ரொட்டி டப்பா அளவு. கூண்டின் பக்கச் சுவரில் மாட்டி, நடுவே ஒரு சின்ன வாசல் வைத்திருந்தார்கள். குரங்கு இஷ்டப்பட்டால் வரலாம், போகலாம். உள்ளே இடது பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு பிடி. திரையில் ஒரு புள்ளி வெளிச்சம் வரும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பிடியை இழுத்தால், வலது பக்கக் குழாயில் இனிப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வரும். குழாயைச் சுற்றி ஒரு வளையம். ஒவ்வொரு குரங்கின் தோலுக்கடியிலும் அரிசி அளவில் ஒரு சிப் உண்டு. குடிக்க வருகிற குரங்கின் எண்ணை அந்த வளையம் படித்துக்கொள்ளும். கையைக் கேமரா படமெடுக்கும். யாரும் பக்கத்தில் உட்கார வேண்டாம், ராத்திரி பகல் என்று பார்க்க வேண்டாம். டாக்டரம்மா வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடியே கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பெட்டியைப் பதினேழும் பதினெட்டும் இருந்த கூண்டில் மாட்டினார்கள். இரண்டும் இரட்டைச் சகோதரிகள், அச்சில் வார்த்தது போல ஒரே ஜாடை. பெட்டிக்காரருக்கு இன்றுவரை எது எதுவென்று தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது, ஆனால் அவர் தெரிந்த மாதிரி தலையசைப்பார்.

ஐந்து வாரத்தில் பதினெட்டு நட்சத்திரமாகிவிட்டது. இருபத்தேழாயிரம் தடவை பிடியை இழுத்திருக்கிறது, பத்துக்கு ஒன்பது சரியாக. பதினேழின் பெயரில் சுழி. சுவரில் ஒட்டிய காகிதத்தில் பதினெட்டுக்கு நேரே யாரோ ஒரு கிரீடம் வரைந்தார்கள், பதினேழுக்கு நேரே ஒரு தலையணை.

அக்கா அந்தக் காகிதத்தைத் தினமும் கடந்து போனாள். பெட்டி மாட்டிய மூன்றாம் நாளே, கூண்டுத் தரையைத் துடைத்துக்கொண்டே அவள் பார்த்துவிட்டிருந்தாள். சகோதரிகள் இரண்டு பேரும் சேர்ந்தேதான் பெட்டிக்குள் போவார்கள். ஒன்றுக்கென்று செய்த பெட்டியில் இரண்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும். இடது பக்கம் உட்கார்ந்து பிடியை இழுப்பது பதினேழு. வலது பக்கம் உட்கார்ந்து சொட்டைக் குடிப்பது பதினெட்டு. பிடி ஒருத்தியிடம், குழாய் இன்னொருத்தியிடம். பதினேழு ஒரு நாள்கூடக் குழாயில் வாய் வைத்து அவள் பார்த்ததில்லை. வளையம் இருந்ததோ குழாயைச் சுற்றி. அது யார் குடித்தார்களோ அவர்கள் எண்ணை நாணயமாக எழுதிவைத்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வளையத்தைக் கழற்றிப் பிடிக்குப் பக்கத்தில் மாட்டப் பத்து நிமிடமும் ஒரு திருப்புளியும் போதும். அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாளில், "அம்மாவுக்கு மூச்சு வேற மாதிரி இருக்கும்மா, வந்து பாருங்க," என்று நர்ஸிடம் மூன்று தடவை போய்ச் சொன்னாள். மூன்று தடவையும் நர்ஸ் தலைமாட்டிலிருந்த திரையைப் பார்த்துவிட்டு, "மெஷின்ல எல்லாம் நார்மலாத்தான் இருக்கு," என்றுவிட்டுப் போனாள். நாலாவது தடவை சொல்ல அவசியம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் எதையும் போய்ச் சொல்வதை விட்டுவிட்டாள். கேட்டதற்குப் பதில், அதோடு சரி. மெஷின் பதினெட்டு என்கிறதா, பதினெட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலை கூண்டுக் கதவில் இரண்டு சீட்டுகள் தொங்கின. பதினெட்டின் சீட்டில் அறுவை என்று இருந்தது. மண்டையில் நகக்கண் அளவு ஒரு கருவியைப் பதித்து, கை அசையும்போது மூளையில் ஓடுகிற மின்சைகைகளை வயரில்லாமல் எடுப்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் இருக்கும். வியாழக்கிழமை வெளியிலிருந்து சர்ஜன் வருகிறார். பதினேழின் சீட்டில் திசு, வெள்ளி என்று இருந்தது. திசு என்றால் மூளையை எடுத்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது. அதற்கு உயிர் தேவையில்லை. காரணம் என்ற கட்டத்தில், 'பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை' என்று தட்டச்சு செய்திருந்தது.

அந்தச் சீட்டை அக்கா இரண்டு தடவை படித்தாள். இந்த மாதிரிச் சீட்டுகள் நூறாவது பார்த்திருப்பாள். ஆனால் எந்தச் சீட்டும் இப்படிப் பச்சைப் பொய்யைச் சொன்னதில்லை. அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலாவது மாடிக்குப் படியேறிப் போனாள். பதினாறு வருடத்தில் யாரும் கூப்பிடாமல் டாக்டரம்மாவின் அறைக்குப் போனது அதுவே முதல் தடவை.

"வாங்கக்கா, உக்காருங்க."

"இல்ல, நின்னுக்கிறேன். பதினேழு சோம்பேறி இல்ல டாக்டர். இழுக்கிறது பதினேழு. குடிக்கிறதுதான் பதினெட்டு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"அஞ்சு வாரமா பாத்துட்டா இருந்தீங்க? ஏன்கா சொல்லல?"

அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்க வேண்டும், அதை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. "யாரும் கேக்கல," என்றாள்.

பெட்டிக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சிப்பைப் படிக்கிறதுல தப்பே வராது மேடம். ஆயிரத்துல ரெண்டுகூட வராது."

"அது தப்பாப் படிக்கல சார்," என்றாள் அக்கா. "குடிக்கிறவளைச் சரியாத்தான் படிக்குது."

படத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. போட்டார்கள். திரையில் ஒரு கை வந்தது, பிடியைப் பிடித்தது, இழுத்தது. முழங்கையோடு படம் முடிந்துவிட்டது. அந்தக் கை யாருடையது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"முழங்கைக்கு மேல ஏன் எடுக்கல?"

"நீங்கதான் மேடம் ஃபைல் பெருசாகுதுன்னு சொன்னீங்க."

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. காரியத்தில் நியாயமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் அந்தச் சர்ஜன் வருவார், பதினெட்டுக்கு அன்று காலையே தலையை மழித்து, மருந்து கொடுத்து, தனியறையில் வைத்தாகிவிட்டது. கிருமி தொற்றிவிடும் என்பதால் அதைக் கூண்டுக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பெட்டியோ ஒன்றே ஒன்று. கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார். வளையத்தைப் பிடிப்பக்கம் மாற்றிவிடலாம். செவ்வாய், புதன் இரண்டு நாள் பதினேழு தனியாக இருக்கட்டும். அது இழுத்துவிட்டால் பதினெட்டின் அறுவை நிற்கும், பதினேழுக்குச் செய்யலாம். இழுக்கவில்லையென்றால் சீட்டில் இருப்பதுபோலவே நடக்கும்.

"இழுக்கும்," என்றாள் அக்கா. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதுக்கு அந்தத் திசுச் சீட்டு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கணக்கைப் போட அவளால் முடியவில்லை. பொய் எழுதியிருக்கிறதே, அதுதான் அவளை உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை பதினேழு கூண்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நீளமாக விசில் அடிப்பது போலக் கத்தியது. ஜோடியில் ஒன்று காணாமல் போனால் இவை அப்படித்தான் கூப்பிடும். பதில் வருகிறதா என்று கொஞ்சம் நிறுத்திக் கேட்கும், திரும்பவும் கத்தும். சாயங்காலம் நாலரைக்கு இறங்கிப் பெட்டிக்குள் போனது. வழக்கம்போல இடது பக்கம் உட்கார்ந்தது, வலது பக்கம் இடம் விட்டது. புள்ளி வந்தது. இழுத்தது. சொட்டு விழுந்தது. பதினேழு திரும்பி வலது பக்கம் பார்த்தது. இன்னொரு தடவை இழுத்தது, திரும்பிப் பார்த்தது. மூன்றாவது தடவை இழுத்தது. சொட்டு மூன்றும் யாரும் குடிக்காமல் தரையில் கிடந்தன. அது பெட்டியைவிட்டு வெளியே வந்துவிட்டது.

புதன்கிழமை முழுக்க அது பெட்டிப் பக்கமே போகவில்லை. அக்கா வீட்டுக்குப் போகும் நேரம் தாண்டியும் கூண்டுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக வந்த உணர்ச்சி, வந்ததுதான் வந்தது, போயும்போயும் முந்நூற்றைம்பது கிராம் குரங்கின்மேல் வந்தது. "போடி உள்ள," என்று கம்பியைத் தட்டினாள். "போய் இழுத்துத் தொலையேன்! உனக்கென்ன கேடு, நீயே குடிச்சா ஆகாதா? இழுடி சனியனே!" இவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்தக் கட்டடம் கேட்டதில்லை. பதினேழு மேலேயிருந்து அவளைப் பார்த்தது. அப்புறம் சுவரைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தது.

டாக்டரம்மா கணக்கைப் பார்த்துவிட்டுத் தானே இறங்கி வந்தார். "ரெண்டு நாள்ல மூணு தடவைக்கா."

"கூட ஆள் இல்லாம அது செய்யாது."

"இருக்கலாம். ஆனா அதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

அக்காவுக்குக் கட்டங்களைப் பற்றித் தெரியாது. டாக்டரம்மா, "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா," என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். முடித்திருந்தாலும் ஒன்றுதான், அக்கா அதைத் திங்கட்கிழமையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினேழைக் கூண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது அவள்தான். வேறு யார் கைக்கும் அது வராது. கூப்பிட்டதும் இறங்கி வந்தது, கையில் ஏறிக்கொண்டது, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கொண்டுபோகும் பெட்டிக்குள் விடும்போது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். காரணம் என்ற கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, 'இருபத்தேழாயிரம் தடவை இழுத்தது' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று மத்தியானமே படிவம் திரும்பி வந்தது. புதிதாக ஒன்று அடித்து, இன்னொரு பராமரிப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவர் படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அக்காவும் அப்படி நூறு போட்டவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட்டியா என்று கேட்டபோது, "இல்ல," என்றாள். அவன் பதறிப்போய், "ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?" என்றான். "ஆஸ்பத்திரியில நான் இன்னும் சத்தம் போட்டிருக்கணும்டா," என்றாள். "நீதானேக்கா பக்கத்துல இருந்தே," என்றான் தம்பி. அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் ஃபோனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

பதினெட்டுக்கு அறுவை நன்றாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து, தலையில் தொப்பிபோல ஒரு மூடியோடு அதைக் கூண்டில் விட்டார்கள். சைகைகள் பளிச்சென்று வருவதாகப் பெட்டிக்காரர் மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பதினெட்டு நேராகப் பெட்டிக்குள் போய், வலது பக்கம், குழாய்க்கு முன்னால் உட்கார்ந்தது. புள்ளி வந்தது, போனது. அது உட்கார்ந்தே இருந்தது. முதல் நாள் சுழி. முதல் வாரமும் சுழி. பெட்டிக்காரர் பிடியை மாற்றினார், ஸ்பிரிங்கைத் தளர்த்தினார், தண்ணீரில் இனிப்பைக் கூட்டினார். தலைகீழாக நின்று பார்த்தார். பதினெட்டு காய்ந்த குழாயை நக்கும், இடது பக்கம் திரும்பிப் பார்க்கும், திரும்பக் குழாயைப் பார்க்கும்.

இரண்டாவது வாரக் கடைசியில் டாக்டரம்மா வந்தார். அக்கா அந்தக் கூண்டைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். உள்ளே பதினெட்டு வலது பக்கம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

"நீங்க சொன்னது சரிதான்கா," என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கியிருந்தது. "சர்ஜன், மூணு மாசம், எல்லாம் வீணாயிடும்போல இருக்கு. உங்களுக்குத்தான் இதுங்களைப் பத்தித் தெரியும். இது வேலை செய்யணும்னா என்ன பண்ணலாம், சொல்லுங்க."

பதினாறு வருடத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. கேட்டதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தாள். எப்படிப் பார்த்தாலும் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"பதினேழைக் கூப்பிடுங்க டாக்டர்," என்றாள்.